கடன் கொடுத்தவன் நெருக்கினான், மக்கள் இறக்கினார்கள்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்பிற்கினிய சகோதரர்களே! வணிகப் பெருமக்களே! வியாபார நேரத்தில் கடையைப் பிள்ளைகள் பொறுப்பில் விட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் வருகையை அல்லாஹ் பொருந்திக் கொள்வானாக!

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, "மக்கள் எழுச்சியும் அந்நிய நெருக்கடியும்". ஒரு நாட்டில் ஒருவன் பல்லாண்டு காலம் சர்வாதிகாரியாக உட்கார்ந்திருக்கிறான். ஒருநாள் மக்கள் வீதிக்கு வருகிறார்கள். அப்போது வாஷிங்டனிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. "மக்கள் குரலுக்குச் செவி கொடு, சீர்திருத்தம் செய்" என்கிறது அந்தக் குரல். இதை நாம் எப்படிப் புரிந்துகொள்வது?

நம்மவர்களிடம் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. "எல்லாமே அமெரிக்காவின் வேலை, அவன் நினைத்தால் ஏற்றுவான், நினைத்தால் இறக்குவான்" என்பது ஒன்று. "அமெரிக்கா தலையிட்டாவது அந்தக் கொடுங்கோலன் ஒழியட்டுமே" என்பது மற்றொன்று. கேட்பதற்கு இரண்டும் எதிரெதிராகத் தெரியும். ஆனால் இரண்டிலுமே அந்த நாட்டு மக்களுக்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள்!

எனவே பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, தேதி வாரியாகக் கணக்குப் பார்ப்போம். நீங்கள் வணிகர்கள், கணக்குப் பார்ப்பது உங்களுக்குக் கை வந்த கலை. நான் எடுத்துக்கொள்வது இந்தோனேசியா. முஸ்லிம்கள் மிகப் பெரும்பான்மையாக வாழும் நாடு. அங்கே 32 ஆண்டுகள் ஆண்ட ஜெனரல் சுகார்த்தோ 1998ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி பதவியை விட்டு இறங்கினார். அவரை இறக்கியது யார்?

முப்பது ஆண்டு மௌனம்

சுகார்த்தோ எப்படி வந்தார் என்பதிலிருந்து தொடங்குவோம். 1965 அக்டோபருக்குப் பிறகு கம்யூனிஸ்டுகளை ஒழிக்கிறோம் என்ற பெயரில் அந்நாட்டில் மாபெரும் படுகொலை நடந்தது. ஐந்து லட்சம் பேர், அதற்கும் மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். விசாரணை கிடையாது, தீர்ப்பு கிடையாது. அந்தப் பிணங்களின் மீது ஏறித்தான் 1966 மார்ச்சில் அதிகாரம் சுகார்த்தோவின் கைக்கு வந்தது. அன்று அமெரிக்கா கண்டித்ததா? இல்லை. ஜகார்த்தாவிலிருந்த அமெரிக்கத் தூதரகமே கம்யூனிஸ்டுகளின் பெயர்ப் பட்டியலை இந்தோனேசிய ராணுவத்துக்குக் கொடுத்தது என்பது பின்னாளில் வெளிவந்தது.

1975 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஃபோர்டும் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சரும் ஜகார்த்தாவுக்கு வந்து சுகார்த்தோவைச் சந்தித்தார்கள். அவர்கள் விமானம் ஏறிய மறுநாள், டிசம்பர் 7ஆம் தேதி, இந்தோனேசியப் படை கிழக்கு தைமூருக்குள் புகுந்தது. இருவரும் பச்சைக்கொடி காட்டிவிட்டுத்தான் போனார்கள் என்பதை 2001இல் வெளியான அமெரிக்க அரசின் ஆவணங்களே காட்டுகின்றன. அந்த ஆக்கிரமிப்பு நீடித்த 24 ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். அதனால் என்ன? அநியாயம் யாருக்கு நடந்தாலும் அநியாயம்தான். அதை நாம் சொல்லாவிட்டால், நமக்கு நடப்பதை அநியாயம் என்று சொல்ல நமக்குத் தகுதி இராது.

முஸ்லிம்களையாவது விட்டுவைத்தாரா? 1973இல் இஸ்லாமியக் கட்சிகள் அனைத்தையும் ஒரே கட்சியாகக் கட்டிப்போட்டார். நாட்டிலுள்ள எல்லா அமைப்புகளும் அரசின் பஞ்சசீலக் கொள்கையையே தங்கள் ஒரே அடிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று நிர்ப்பந்தித்தார். 1984 செப்டம்பரில் ஜகார்த்தாவின் துறைமுகப் பகுதியான தஞ்சுங் பிரியோக்கில் கூடிய முஸ்லிம்கள் மீது ராணுவம் சுட்டது. அப்போது எந்த நாடாவது கடனை நிறுத்தியதா? உதவியை வெட்டியதா?

சகோதரர்களே, முதல் கணக்கை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். ரத்தம் ஆறாக ஓடிய முப்பது ஆண்டுகளில் ஆட்சியை அசைக்கும் அளவுக்கு வெளிநாட்டு நெருக்கடி வரவில்லை. மாறாக, கடனும் ஆயுதமும் வந்துகொண்டிருந்தன.

ரூபியா சரிந்தது, கணக்குப் புத்தகம் திறந்தது

பிறகு எப்போது வந்தது? பணம் சரிந்தபோது வந்தது!

1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் நாணயத்தைக் கைவிட்டது. அந்தத் தீ அக்கம்பக்கத்து நாடுகளுக்கும் பரவியது. ஆகஸ்ட் மாதம் இந்தோனேசியாவும் தன் ரூபியாவைச் சந்தையின் போக்கில் விட்டது. அதுவரை ஒரு டாலருக்கு ஏறத்தாழ 2,400 ரூபியா. 1998 ஜனவரியில் அது 10 ஆயிரத்தைத் தாண்டி, அதே மாதத்தில் 15 ஆயிரத்துக்கும் மேலே போனது.

வணிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நிறுவனம் பத்து லட்சம் டாலர் கடன் வாங்கியிருக்கிறது. டாலர் 2,400 ரூபியாவாக இருந்தபோது அந்தக் கடன் 240 கோடி ரூபியா. டாலர் 12 ஆயிரம் ஆனால் அதே கடன் 1,200 கோடி ரூபியா! அவன் கூடுதலாக ஒரு காசு வாங்கவில்லை. வட்டியைக் கூடக் கணக்கில் சேர்க்கவில்லை. தூங்கி எழுவதற்குள் கடன் ஐந்து மடங்கு. வருமானமோ ரூபியாவில். இப்படித்தான் நாட்டின் பெரும் நிறுவனங்களும் வங்கிகளும் சாய்ந்தன.

கடன் கொடுத்திருந்தவை ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் வங்கிகள். இப்போதுதான் அவர்களுக்கு இந்தோனேசியாவின் சீர்கேடு கண்ணில் பட்டது. சர்வதேச நாணய நிதியம் உள்ளே வந்தது. 1997 அக்டோபர் 31ஆம் தேதி முதல் ஒப்பந்தம். நிதியத்தின் பங்கு மட்டும் சுமார் ஆயிரம் கோடி டாலர். மறுநாளே 16 வங்கிகள் மூடப்பட்டன. சிறு சேமிப்பாளர்களுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரைதான் உத்தரவாதம். விளைவு? மற்ற வங்கிகளின் வாசலிலும் மக்கள் பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள். அந்த அவசர மூடல் நிலைமையை மோசமாக்கியது என்பது பிறகு நிதியத்தின் சொந்த மதிப்பாய்விலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. மூடப்பட்ட வங்கிகளில் ஒன்று சுகார்த்தோவின் மகனுடையது. அந்த மகன் என்ன செய்தார்? வேறொரு வங்கியை வாங்கி, புதுப் பெயர்ப்பலகையோடு வியாபாரத்தைத் தொடர்ந்தார்! சாமானியன் வங்கி வாசலில் முண்டியடித்தான். மன்னன் மகனின் வங்கி மறுபிறவி எடுத்தது.

கைகட்டி நின்றவர்

1998 ஜனவரி 15ஆம் தேதி எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உலகமெங்கும் பிரசித்தம். சுகார்த்தோ மேசையில் குனிந்து இரண்டாவது ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். நிதியத்தின் தலைவர் மிஷேல் காம்தெசு, மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் தலைக்கு மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பெரிய பண்ணையார் கடன் பத்திரத்தில் கைநாட்டு வாங்குவது போன்ற தோற்றம்! சுகார்த்தோவை வெறுத்த இந்தோனேசியர்கள் கூட அந்தப் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அவமானப்பட்டது அவர் மட்டுமல்ல, ஒரு நாடு.

அந்த ஒப்பந்தத்தில் என்ன இருந்தது? நியாயமாகப் பேச வேண்டும். சில நல்ல அம்சங்களும் இருந்தன. உதாரணத்துக்குக் கிராம்பு. இந்தோனேசியாவில் சிகரெட்டில் கிராம்பைக் கலந்து புகைப்பார்கள். கோடிக்கணக்கில் புரளும் வியாபாரம். 1990களின் தொடக்கத்தில் சுகார்த்தோவின் இளைய மகன் டாமி அந்தக் கிராம்பு வணிகம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்தார். விவசாயி அவரிடம்தான் விற்க வேண்டும். சிகரெட் ஆலை அவரிடம்தான் வாங்க வேண்டும். இடையில் உட்கார்ந்து இரு பக்கமும் பிழிந்தார். அந்த ஏகபோகத்தை ஒழி என்றது நிதியம். அதே டாமியின் கார் கம்பெனிக்குக் கொடுத்த வரிச்சலுகையை நிறுத்து என்றது. சரியான கோரிக்கைதான்.

ஆனால் நான் கேட்கிறேன், கிராம்பு விவசாயி வயிற்றில் அடிக்கப்பட்டது 1998இல்தானா தெரியவந்தது? அத்தனை ஆண்டுகளாகத் தெரியாதா? தெரியும். கடன் ஒழுங்காகத் திரும்பி வந்தவரை அது அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

அந்த மாதமே அதிபர் கிளிண்டன் தொலைபேசியில் பேசினார். மார்ச்சில் முன்னாள் துணை அதிபர் மாண்டேல் தூதராக வந்தார். ஒப்பந்தத்தைச் சுகார்த்தோ நிறைவேற்றவில்லை என்று அடுத்த தவணைக் கடன் தாமதப்படுத்தப்பட்டது. "ஒப்பந்தத்தை நிறைவேற்று" என்பதுதான் அவர்களது முதல் பேச்சு. அதே மார்ச் 10ஆம் தேதி, தன் ஆட்கள் நிரம்பிய மன்றத்தைக் கூட்டி, எதிர்த்துப் போட்டியிட ஆளே இல்லாமல், ஏழாவது முறையாகத் தன்னை அதிபராகத் தேர்ந்தெடுக்க வைத்தார் சுகார்த்தோ. அதற்காக எவரும் கடனை நிறுத்தவில்லை.

பெட்ரோல் விலையும் நான்கு மாணவர்களும்

நெருக்கடி கொடுத்தது நிதியம். அந்த நெருக்கடி யார் தலையில் இறங்கியது என்று பாருங்கள்.

எரிபொருள் மானியத்தைக் குறைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். படிப்படியாகக் குறைக்க அவகாசம் இருந்தது. சுகார்த்தோவோ மே 4ஆம் தேதி ஒரே அடியாக ஏற்றினார். 700 ரூபியா விற்ற ஒரு லிட்டர் பெட்ரோல் 1,200 ரூபியா! ஏழை வீட்டு மண்ணெண்ணெய் 25 விழுக்காடு உயர்வு. பேருந்துக் கட்டணம் ஏறியது. கடனை வாங்கியவர்கள் அதிபரின் பிள்ளைகளும் தோழர்களும். அடைத்தவர்கள் மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு வடிக்கும் தாய்மார்கள். அந்த ஆண்டு நாட்டின் உற்பத்தி 13 விழுக்காடு சுருங்கியது. விலைவாசி முக்கால் பங்குக்கும் மேல் ஏறியது.

மாணவர்கள் பிப்ரவரி முதலே வளாகங்களில் திரண்டு வந்தார்கள். அவர்கள் கேட்டது நிதியத்தின் ஒப்பந்தத்தை அல்ல. ஊழல், கூட்டுக் கொள்ளை, உறவினர் ஆட்சி ஆகிய மூன்றும் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். மே 9ஆம் தேதி சுகார்த்தோ மாநாடு ஒன்றுக்காக எகிப்தின் கெய்ரோவுக்குக் கிளம்பினார். மே 12ஆம் தேதி மாலை ஜகார்த்தாவின் திரிசக்தி பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. ஊர்வலம் முடிந்து வளாகத்துக்குத் திரும்பிய கூட்டத்தின் மீது குண்டு பாய்ந்தது.

கெய்ரோவிலிருந்து அடித்துப் பிடித்து ஊர் திரும்பிய சுகார்த்தோ, பெட்ரோல் விலையைக் குறைக்கச் சொன்னார். காலம் கடந்துவிட்டது. மக்கள் கேட்டது பெட்ரோல் விலைக் குறைப்பை அல்ல; அவர் இறங்குவதை!

கடைகள் எரிந்த மூன்று நாட்கள்

சகோதரர்களே, இந்த வரலாற்றில் மூன்று நாட்களை விட்டுவிட்டுப் பேசினால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். மே 13, 14, 15.

அந்த நாட்களில் ஜகார்த்தாவிலும் சோலோவிலும் கடைகள் எரிந்தன. பெரும்பாலானவை சீன வம்சாவளியினரின் கடைகள். அவர்கள் அந்த நாட்டு மக்கள்தொகையில் மூன்று விழுக்காடு அளவிலான சிறுபான்மை. கடைவீதியில் மட்டும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். அதிபருக்கு நெருக்கமான சீனப் பெருமுதலாளிகள் சிலர் இருந்தார்கள், உண்மை. ஆனால் எரிந்தது பெரும்பாலும் அவர்களுடைய சொத்தா? சின்னச் சின்னக் கடை வைத்துப் பிழைத்தவனின் ஷட்டர் உடைந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சூறையாடப்பட்ட வணிக வளாகங்களுக்குள் சிக்கித் தீயில் கருகிய ஏழைகள். சீனப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். அரசே அமைத்த கூட்டு உண்மை அறியும் குழு 52 வன்புணர்ச்சிகளைப் பதிவு செய்தது. கலவரத்தைத் தூண்டிவிட வெளியாட்கள் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள் என்றும், ராணுவத்தினரின் பங்கை விசாரிக்க வேண்டும் என்றும் அந்தக் குழு சொன்னது.

பல கடைக்காரர்கள் தப்பிப்பதற்காகக் கதவில் "இது மண்ணின் மைந்தன் கடை", "முஸ்லிம் கடை" என்று எழுதி வைத்தார்கள். இஸ்லாத்தின் பெயர், எரிக்க வேண்டிய கடையையும் விட்டுவைக்க வேண்டிய கடையையும் பிரித்துக் காட்டும் அடையாளமாகப் போனது! இதைவிட வேதனை வேறென்ன? அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று நம் மார்க்கம் சொல்கிறதோ, அது அந்தக் கடைவீதியில் எங்கே போயிற்று?

கடை எரிவதென்றால் என்ன என்பது இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிறுபான்மையாக வாழ்ந்து, வியாபாரம் செய்து பிழைக்கும் சமுதாயம் நாம். ஆட்சியாளன் மீது வர வேண்டிய கோபத்தை அடுத்த வீட்டுக்காரன் மீது திருப்பிவிடுவது எல்லா நாட்டிலும் கொடுங்கோலர்கள் கடைப்பிடிக்கும் பழைய தந்திரம். இந்தோனேசியாவில் அதற்குப் பலியானவன் சீனன். நாம் பெரும்பான்மையாக இருக்கும் நாட்டில் நடந்தது என்பதற்காக நாம் அதை மறைக்கக் கூடாது.

கடைசி நான்கு நாட்கள்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இறக்கியது யார்?

கலவரம் மூண்டதும் வெளிநாட்டினர் விமானம் ஏறினார்கள். நிதியத்தின் அதிகாரிகளும் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியவர்கள் ஊர் மக்கள்தான்.

மே 18: ஆயிரக்கணக்கான மாணவர்கள் நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழைந்து கூரை வரை ஏறி அமர்ந்தார்கள். அன்று மாலை, அதுவரை சுகார்த்தோவுக்கு ஆமாம் போட்டே பழகிய சபாநாயகர் ஹர்மோகோ, "அதிபர் விலக வேண்டும்" என்று அறிவித்தார். ராணுவத் தளபதி விராந்தோ அது அவரது சொந்தக் கருத்து என்று மறுத்தார். மாணவர்கள் அசையவில்லை.

மே 19: சுகார்த்தோ முஸ்லிம் தலைவர்களையும் அறிஞர்களையும் மாளிகைக்கு அழைத்தார். நஹ்தத்துல் உலமா தலைவர் அப்துர்ரஹ்மான் வஹீது, அறிஞர் நூர்கோலிஷ் மஜீது உள்ளிட்டோர் போனார்கள். சீர்திருத்தக் குழு அமைக்கிறேன், தேர்தல் நடத்துகிறேன், நான் போட்டியிட மாட்டேன் என்றார். மக்கள் சீர்திருத்தம் என்று சொல்வது உங்கள் விலகலைத்தான் என்பதை நூர்கோலிஷ் மஜீது அவரிடமே எடுத்துச் சொன்னார். அந்தக் குழுவில் உட்கார அவர் இசையவில்லை. அநியாயக்கார ஆட்சியாளன் முன் சத்தியத்தைச் சொல்வதன் சிறப்பை நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். அது நடைமுறைக்கு வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

மே 20: முஹம்மதியா இயக்கத்தின் தலைவர் அமீன் ராயிஸ் ஜகார்த்தாவில் பெரும் பேரணிக்கு அழைத்திருந்தார். ராணுவம் கவச வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. ரத்தம் சிந்தக் கூடாது என்று அவர் பேரணியைக் கைவிட்டார். அதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்லவில்லை. ஏனென்றால் அதே நாளில் யோக்யகர்த்தாவில் லட்சக்கணக்கானோர் ஒரு கல்லும் எறியாமல் அமைதியாகக் கூடிக் காட்டினார்கள். அன்றிரவு சுகார்த்தோவின் அமைச்சர்கள் 14 பேர், புதிய அமைச்சரவையில் இடம்பெற மாட்டோம் என்று கடிதம் அனுப்பினார்கள்.

அதே மே 20ஆம் தேதிதான் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஆல்பிரைட், சுகார்த்தோ நாட்டின் நலனுக்காக ஒரு வரலாற்று முடிவை எடுக்கலாம் என்று பேசினார். ராஜினாமா செய் என்பதன் நாசூக்கான வடிவம் அது. தேதியைக் கவனித்தீர்களா? மாணவர்கள் நாடாளுமன்றத்தில் அமர்ந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. சொந்த சபாநாயகரே கைவிட்டுவிட்டார். மரம் சாய்ந்துகொண்டிருக்கும்போது வந்து ஒரு கை வைத்துவிட்டு, நான்தான் தள்ளினேன் என்பது போன்ற கதை!

மே 21 காலை 9 மணிக்குச் சுகார்த்தோ விலகினார். துணை அதிபர் ஹபீபி பொறுப்பேற்றார்.

அந்நிய நெருக்கடிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிதி நெருக்கடி அவரது அஸ்திவாரத்தை ஆட்டியது, உண்மை. ஆனால் ஆட்டம் கண்ட சர்வாதிகாரிகள் பலர் துப்பாக்கியை நம்பிப் பல்லாண்டு நீடித்திருக்கிறார்கள். இனி உனக்கு உழைக்க மாட்டோம் என்று சொந்த மக்களும் சொந்த அமைச்சர்களும் சொன்ன பிறகுதான் அவர் இறங்கினார்.

கெய்ரோவில் என்ன நடந்தது?

இறங்கிய பின் என்ன என்பதில்தான் பெரிய பாடம் இருக்கிறது. சுகார்த்தோ கடைசியாகப் போன வெளிநாட்டுப் பயணம் கெய்ரோ என்று சொன்னேன். அங்கே அவரை வரவேற்றவர் ஹோஸ்னி முபாரக். 13 ஆண்டுகளில் அவரது முறை வந்தது.

2011 ஜனவரி 25ஆம் தேதி எகிப்து மக்கள் எழுந்தார்கள். அன்றைய தினம் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன், எகிப்து அரசு நிலையாக இருக்கிறது என்றார். ஒரே வாரத்தில், பிப்ரவரி 1ஆம் தேதி, மாற்றம் இப்போதே தொடங்க வேண்டும் என்றார் ஒபாமா. பிப்ரவரி 11இல் முபாரக் விலகினார். அங்கேயும் மக்கள்தான் இறக்கினார்கள். ஆனால் ஆண்டுக்கு 130 கோடி டாலர் அமெரிக்க ராணுவ உதவி பெற்று வளர்ந்த எகிப்தியப் படை அப்படியே இருந்தது. 2012இல் தேர்தலில் வென்ற முஹம்மது முர்ஸியை 2013 ஜூலை 3ஆம் தேதி அதே படை கவிழ்த்தது. ஆகஸ்ட் 14 அன்று ராபிஆ அல் அதவிய்யா சதுக்கத்தில் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்தது. அமெரிக்கா அதை ராணுவப் புரட்சி என்று பெயர் சொல்லி அழைக்கவும் மறுத்தது. உதவியில் ஒரு பகுதியை நிறுத்தியது. 2015இல் திரும்பக் கொடுத்தது. முர்ஸி 2019 ஜூன் 17ஆம் தேதி நீதிமன்றத்திலேயே சரிந்து வஃபாத்தானார்.

ஒபாமாவின் குரலை நம்பி மக்களின் காவலன் என்று நினைத்தவர்கள் 2013இல் என்ன சொல்வார்கள்?

இந்தோனேசியாவில் கதை வேறு விதமாகப் போனது. 1999 ஜூன் 7ஆம் தேதி 48 கட்சிகள் போட்டியிட்ட சுதந்திரமான தேர்தல் நடந்தது. 2004 முதல் மக்களே நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடங்கள் ஒழிந்தன. 1999இல் அதிபரான அப்துர்ரஹ்மான் வஹீது, ஓர் ஆலிம், சீனர்களின் பண்பாட்டு, வழிபாட்டு வெளிப்பாடுகளுக்குச் சுகார்த்தோ விதித்திருந்த தடையை 2000இல் நீக்கினார். நிதியத்தின் கடனில் மிச்சம் இருந்ததை 2006இல் முன்கூட்டியே அடைத்துவிட்டார்கள்.

ஏன் இந்த வேறுபாடு? பல காரணங்கள் உண்டு. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1912இல் தொடங்கிய முஹம்மதியா, 1926இல் தொடங்கிய நஹ்தத்துல் உலமா ஆகிய இரண்டும் சர்வாதிகாரத்துக்கு முன்பே இருந்தன. சர்வாதிகாரத்தின் போதும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் மதரஸாவும் நடத்திக்கொண்டிருந்தன. நாற்காலி காலியானபோது, மக்களிடம் சொல்லிக் கேட்கவைக்கும் ஆட்கள் கிராமம்தோறும் இருந்தார்கள்.

அங்கேயும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அரசுப் பணத்தில் 1,500 கோடி முதல் 3,500 கோடி டாலர் வரை சுகார்த்தோ சுருட்டியிருக்கலாம் என்று டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 2004இல் மதிப்பிட்டது. உடல்நிலையைக் காரணம் காட்டி வழக்கிலிருந்து தப்பி, தண்டனை இல்லாமலே 2008 ஜனவரி 27ஆம் தேதி அவர் இறந்தார். 1998 மே வன்முறையைக் கடும் மனித உரிமை மீறல் என்று அதிபர் ஜோகோ விடோடோ 2023இல்தான் ஒப்புக்கொண்டார். ஆர்வலர்கள் கடத்தப்பட்ட விவகாரத்தில் 1998இல் ராணுவத்திலிருந்து விலக்கப்பட்டவரும், சுகார்த்தோவின் முன்னாள் மருமகனுமான பிரபோவோ 2024 தேர்தலில் வென்று அதிபரானார். 2025 நவம்பரில் சுகார்த்தோவுக்குத் தேசிய வீரர் பட்டமும் கொடுத்தார். மக்கள் மறந்தால் வரலாற்றையும் திருத்தி எழுதிவிடுவார்கள்!

நாம் செய்ய வேண்டியது

வணிகப் பெருமக்களே, நீங்கள் வழக்கமாகச் சொல்வது எனக்குத் தெரியும். "யார் ஆண்டா நமக்கென்ன பாய், கடை ஓடினா சரி." இந்தோனேசிய வணிகர்களும் அப்படித்தான் சொன்னார்கள். சுகார்த்தோ காலத்தில் வியாபாரம் நடந்தது, 1984இல் அரிசியில் தன்னிறைவு வந்தது, சாலைகள் வந்தன, யாரும் மறுக்கவில்லை. ஆனால் கணக்கே காட்டாத ஆட்சியில் கிடைத்த லாபம் ஒரு வாரத்தில் நாணயத்தோடு போனது. மூன்று நாளில் நெருப்போடு போனது. கேள்வி கேட்க முடியாத ஆட்சி கடைக்காரனுக்கும் பாதுகாப்பில்லை. காரூனின் கருவூலம் அவனையே காப்பாற்றவில்லை என்பதை நாம் ஓதாமலா இருக்கிறோம்?

இளைஞர்களே, உங்களுக்கு மூன்று விஷயங்கள். முதலாவது, எந்த நாட்டில் எழுச்சி நடந்தாலும், அமெரிக்கா என்ன சொன்னது என்று மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அமெரிக்கா எதிர்ப்பதாலேயே ஒரு கொடுங்கோலன் நல்லவனாகிவிட மாட்டான். அமெரிக்கா ஆதரிப்பதாலேயே மக்களின் கோரிக்கை பொய்யாகிவிடாது. அந்த மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, போராட்டத்தில் அடுத்தவன் கடைமீது கல் விழுந்தால் அந்த நிமிடமே போராட்டம் தோற்றுவிட்டது. உங்கள் கூட்டத்தில் எவனாவது கல்லை எடுத்தால், அவன் கையைப் பிடிக்க வேண்டிய முதல் ஆள் நீங்கள்.

மூன்றாவது, அமைப்பு. கூட்டம் ஒருநாளில் கூடும். அமைப்பு ஒருநாளில் வராது. அது நம் வாசலிலிருந்து தொடங்க வேண்டும். தூரத்து சர்வாதிகாரியைத் திட்டுகிற நாம், நம் மஹல்லாவில் பல ஆண்டுகளாகக் கணக்குக் காட்டாத நிர்வாகத்திடம் கணக்குக் கேட்கிறோமா? காலம் முடிந்தால் தேர்தல் வைக்கிறோமா? நம் சங்கத்தில் மாற்றுக் கருத்துச் சொல்பவனை உட்காரச் சொல்லிக் கேட்கிறோமா? இங்கே பழகாதவன் நாட்டிடம் போய் உரிமை கேட்கும்போது அவன் குரலுக்கு வலு இருக்காது.

கடன் கொடுத்தவன் தன் பணத்துக்காக நெருக்குவான். பணம் கிடைத்ததும் போய்விடுவான். மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காக நெருக்குகிறார்கள். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. ஆகவே யாரோ ஒருவர் வெளியிலிருந்து வருவார் என்று காத்திருக்காமல், நம் காரியத்தை நாமே செய்ய எழுவோம்.

அநியாயத்துக்கு ஆளான எல்லா மக்களுக்கும் அல்லாஹ் விடிவைத் தருவானாக! அநியாயம் செய்பவர்களாக நம்மை ஆக்காமல் காப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.